ஊரப்பாக்கத்து வீட்டில் யாருக்கு என்ன கிடைத்தது

புறநகரில் மனை வாங்கலாமா, வீடு கட்டிக்கொண்டு போகலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், விலை என்ன, ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்றெல்லாம் நான் ஆரம்பிப்பதில்லை. "உங்க வீட்டுல தினமும் ஊருக்குள்ள போய்ட்டு வரப்போறது யாரு?" என்றுதான் கேட்பேன். புறநகர் வீட்டில் லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் போய்ச் சேர்கிறது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஆளுக்கு ஒரு கணக்கு. அதைப் பேசாமல் மனை விலையை மட்டும் பேசுவதால்தான் குடி வந்த பிறகு வீட்டுக்குள் சண்டை வருகிறது.

நாங்கள் 2018இல் சென்னை மேற்கு மாம்பலத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தாம்பரம் தாண்டி இருக்கும் ஊரப்பாக்கம் பக்கம் வந்தோம். ஸ்டேஷனில் இறங்கி, ஆதனூர் போகும் திசையில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கீழ்த்தளம் மட்டும் கட்டிய சின்ன வீடு, பின்னால் கொஞ்சம் மண் தரை. நான், என் கணவர், அவருடைய அம்மா, எங்கள் மகள் என்று நான்கு பேர். கணவருக்கு நகரத்துக்கு வெளியே ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு நகரத்தின் நடுவில் எழும்பூரில் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே யாருக்கு என்ன கிடைத்தது என்று பாதி புரிந்துவிடும்.

கணவருக்குச் சந்தேகமே இல்லாமல் லாபம்தான். மாம்பலத்தில் இருந்தபோது இருட்டோடு எழுந்து கிண்டிக்குப் போய்க் கம்பெனி பஸ் ஏறுவார். பல்லாவரம் நெரிசல், தாம்பரம் நெரிசல் எல்லாம் தாண்டி அது ஒரகடம் போய்ச் சேரும். திரும்பி வரும்போது பேசக்கூடத் தெம்பு இருக்காது. இப்போது வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் மண்ணிவாக்கத்திலேயே பஸ் அவரை ஏற்றிக்கொள்கிறது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இருக்கிறார். ஒரகடம், மறைமலைநகர், மகேந்திரா சிட்டி என்று இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் புறநகர் என்பது வெளியூர் இல்லை. அவர்களுக்கு இதுதான் நடு ஊர்.

அத்தைக்கும் லாபம். அவர் திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். மாமா போன பிறகு எங்களோடு வந்து மாம்பலத்தில் முதல் மாடி வீட்டில் இருந்தார். முழங்கால் வலிக்குப் படியிறங்க முடியாது. பால்கனியில் ஒரு துளசித் தொட்டி, அவ்வளவுதான் அவருடைய உலகம். இங்கே வந்த முதல் மழையிலேயே அவரைக்கு ஒரு பந்தல், முருங்கை, இரண்டு வாழை என்று வைத்துவிட்டார். காலையில் மண்ணில் கால் வைக்கிறார், பக்கத்து மனைக்காரம்மாவோடு வேலியோரம் நின்று பேசுகிறார். மாம்பலத்தில் எதிர்வீட்டில் யார் இருந்தார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. இங்கே தெருவில் யார் வீட்டில் காது குத்து, யார் மகளுக்கு வளைகாப்பு என்று எனக்கே அவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் அத்தை விஷயத்தில் ஒரு பயமும் உண்டு. ஒரு ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கியது. 108க்குப் போன் செய்தோம். ஆம்புலன்ஸ் சீக்கிரமே கிளம்பிவிட்டது, ஆனால் எங்கள் தெருவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பக்கம் வீட்டு எண் என்பது லே-அவுட்டில் போட்ட மனை எண். 47க்குப் பக்கத்தில் 48 இருக்கும் என்று சொல்ல முடியாது. அது அடுத்த தெருவில் இருக்கலாம். ஒரே பெயரில் மூன்று நகர், அதற்கு விரிவு ஒன்று, விரிவு இரண்டு. கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு, தெற்கே போகும் பெரிய நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலை வரை போய், ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வந்தார். அத்தை பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார். அதற்கப்புறம் எங்கள் நகர்க்காரர்கள் எல்லாரும் பணம் போட்டு, தெரு முனைகளில் மனை எண்கள் எழுதிய பலகை வைத்தோம். புதிதாகக் குடி வருபவர்கள் கிருகப்பிரவேசத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி, யார் வண்டி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

இனி என் கணக்கு.

எழும்பூரில் சாயங்காலம் பிளாட்பாரத்தில் நிற்கிற எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "இது தாம்பரமா, செங்கல்பட்டா?" கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகிற வண்டி கொஞ்சம்தான். தாம்பரம் வரை இருப்பவருக்கு ஒரு வண்டி போனால் அடுத்தது உடனே வரும். தாம்பரம் தாண்டி இருப்பவருக்கு ஒரு வண்டியை விட்டால் அந்த மாலையே தள்ளிப்போகிறது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று அடுத்தடுத்து ஸ்டேஷன்கள் இருந்தாலும், தாம்பரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வாழ்க்கை இரண்டாகப் பிரிகிறது. மனைத் தரகர்கள் "தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்" என்பார்கள். பத்து நிமிடம் உண்மைதான். அந்தப் பத்து நிமிட வண்டிக்காக எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

லேடீஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. எழும்பூருக்கு வரும்போதே கடற்கரையிலும் கோட்டையிலும் ஏறியவர்களால் பெட்டி நிரம்பியிருக்கும். மாம்பலத்தில் தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்கள் ஏறுவார்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்கள், கிண்டி தாண்டுவதற்குள் கதவோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி மடியில் பையைப் பிரித்துக் கீரை ஆய்வாள், ஒருத்தி வாழைநாரில் மல்லிகை தொடுப்பாள், ஹேர்கிளிப் விற்கும் அம்மா எல்லார் காலையும் தாண்டித் தாண்டி வருவார். எனக்கு வழக்கமாக இடம் பிடித்துவைக்கும் ஒரு தோழி சிங்கப்பெருமாள்கோவில் வரை போகிறவர். ராத்திரிச் சமையலுக்கான பீன்ஸை ரயிலிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்குவார். ஒருநாள் நான் கேட்டேன், "வீட்டுக்குப் போய்ச் செய்யக் கூடாதாக்கா?" "வீட்டுக்குப் போய் நேரம் எங்க இருக்கு? இதுதான் என் நேரம்" என்றார். புறநகரைப் பற்றி யார் எவ்வளவு சொன்னாலும் எனக்கு அந்தப் பதில்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெட்டியில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு வேலை நடக்கிறது. வீடு எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்குப் பெண்களின் வேலை ரயிலுக்குள் வருகிறது.

2025 ஏப்ரலில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள். தானாக மூடும் கதவு, வியர்வை இல்லை, செங்கல்பட்டு வரை போகும். நல்ல வண்டி. டிக்கெட் விலைதான் சாதாரண வண்டியைப்போலப் பல மடங்கு. உடம்பு முடியாத நாளில் ஏறுவேன். தினமும் ஏற என் சம்பளம் இடம் தராது.

சரி, ரயிலைக்கூடப் பழகிக்கொள்ளலாம். எனக்குப் பழகாதது ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள இரண்டு கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து ஊரப்பாக்கம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். அதைச் சீசன் டிக்கெட்டில் சல்லிசாகக் கடந்துவிடலாம். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத்தான் பணமும் பயமும் அதிகம். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். எட்டு மணிக்கு மேல் ஆள் நிரம்பாது, தனியாகப் போக வேண்டுமென்றால் அவர் கேட்கிற காசு. மினி பஸ் இருட்டியதும் நின்றுவிடும். ஜிஎஸ்டி சாலையில் சாதாரண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தாம்பரத்துக்குப் போய் வர அது பெரிய உபகாரம்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பேருந்து சாலையோடு போய்விடும், எங்கள் நகருக்குள் வராது.

நாற்பது வயதுக்கு மேல் நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது இந்த இரண்டு கிலோமீட்டருக்காகத்தான். ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போவேன். திரும்பும்போது பாதி வழியில் வீடே இல்லாத ஒரு நீட்டம் வரும். இரண்டு பக்கமும் கல் நட்ட மனைகள், சீமைக்கருவேலம், நாய்கள். தெருவிளக்கு இல்லாத காலத்தில் அந்த நீட்டத்தில் எதிரே ஒரு பைக் வெளிச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கும். என் கணவர் அதே சாலையில் அதே நேரத்தில் வந்தால் அவருக்கு அது வெறும் இருட்டு. மனை பார்க்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்காதீர்கள். ஒரு வேலை நாள் ராத்திரி எட்டரை மணிக்கு ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து மனைக்கு வழி தேடிப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் உள்ள பெண்கள் போய்ப் பாருங்கள்.

அடுத்து தண்ணீர். இந்தப் பக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் என்றதும் எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்வார்கள். அது நகரத்துக்குள் நடந்ததற்குச் சரி. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் முழுகியதற்குச் செம்பரம்பாக்கம் காரணம் இல்லை. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வந்தது எங்கள் பக்கத்துத் தண்ணீர். ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி நந்திவரம் என்று இந்தப் பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றுக்குள்தான் போகின்றன. அடையாறே ஆதனூர் ஏரிப் பக்கம்தான் தொடங்குகிறது. அந்த டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் வாய்க்கால் இருந்த இடத்தில் நகர் போட்டு வைத்திருந்தால் தண்ணீர் வேறு எங்கே போகும்? 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகளில் மறுபடி தண்ணீர் ஏறியது. (மிக்ஜாம் மழையில் பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடந்ததை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்து ஏரிகளில் முதலை உண்டு என்பது பழைய ஆட்களுக்கு எப்போதுமே தெரியும்.)

2016இல் நாங்கள் மனை தேடியபோது வெள்ளத்தின் அடையாளம் இன்னும் சுவர்களில் இருந்தது. ஒரு இடம் விலை குறைவாக வந்தது. சாலை அகலம், மண் நல்ல மண், தரகர் அவசரப்படுத்தினார். என் கணவர் அங்கே இருந்த டீக்கடைக்குப் போய் டீ சொல்லிவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈபி மீட்டர் பெட்டிக்குக் கொஞ்சம் கீழே பழுப்பாக ஒரு கோடு, சுவரின் நீளத்துக்கும் ஓடியது. கடைக்காரரிடம் எதுவும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே, "அது வரைக்கும் நின்னுச்சு சார், அஞ்சாறு நாள்" என்றார். அந்த மனையை அதோடு விட்டுவிட்டோம்.

இப்போது வீடு இருக்கும் மனையை முடிக்கும் முன்பு, பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்ததோடு நிற்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும் பார்த்தோம். பக்கத்து சர்வே எண்களில் எது ஏரி, எது வாய்க்கால், எது மேய்க்கால் புறம்போக்கு என்று அதில் தெரிந்துவிடும். அப்புறம் அங்கே முன்பு நெல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கணவர் கேட்டார். அவர் சொன்ன யோசனையை இன்றும் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்: "ஏரிக்குக் கலங்கல் எந்தப் பக்கம்னு பாருங்க தம்பி. தண்ணி பத்திரத்தப் படிச்சிட்டா வரும்?" கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். மனைப் பிரிவுக்கு அரசு தரும் அனுமதியைச் சொல்லி, டிடிசிபி அப்ரூவல் இருக்கிறது, சிஎம்டிஏ அப்ரூவல் இருக்கிறது என்பார்கள். 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்த பிறகு எங்கே பார்த்தாலும் அந்த விளம்பரம்தான். அப்ரூவல் கட்டாயம் வேண்டும். அதோடு கலங்கலையும் பாருங்கள்.

மழைக்காலத்தில் இப்படி என்றால் கோடையில் இன்னொரு விதம். 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது தனியார் தண்ணீர் லாரிகள் நிரப்பிக்கொண்டது புறநகர் வயல் கிணறுகளிலும் போர்வெல்களிலும்தான். எங்கள் வீட்டைத் தாண்டி ராத்திரி பகல் என்று இல்லாமல் லாரிகள் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த வருடம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டு போர்வெல் நின்றுவிட்டது. நகரம் எங்கள் பக்கத்து நிலத்தடி நீரைக் குடித்தது, எங்கள் பக்கத்து மக்கள் கேன் வாங்கிக் குடித்தார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பாதாளச் சாக்கடையும் கிடையாது. செப்டிக் டேங்க்தான். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் தொட்டி சீக்கிரம் நிரம்பும், லாரியைக் கூப்பிட வேண்டும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நாங்கள் கூப்பிடுகிறோம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் லாரிக்குக் காசு கொஞ்சம் அதிகம். அதைக் கொடுக்காவிட்டால் அது நம் ஏரிக்கே திரும்பி வரும்.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று தோன்றும் நாட்களில் நான் பழைய கணக்கை நினைத்துக்கொள்வேன். நாங்கள் விட்டு வந்த மாம்பலமே ஒரு காலத்தில் ஊருக்கு வெளியேதான் இருந்தது. தி.நகர் இருக்கும் இடத்தில் இருந்த நீண்ட ஏரியை 1920களில் தூர்த்துத்தான் நகர் போட்டார்கள். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்குப் போனது 1937இல். அன்றைக்குத் தாம்பரம் எல்லாருக்கும் காட்டுப்பக்கம். இன்று தாம்பரம் தனி மாநகராட்சி. ஆனால் இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ரயில் முதலில் வந்தது, ஊர் பிறகு நிரம்பியது. இங்கே வீடுகள் முதலில் வந்துவிட்டன, மற்ற எல்லாம் பின்னால் ஓடி வருகின்றன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரும் என்ற பேச்சை வைத்தே மனை விலையை ஏற்றுகிறார்கள். வரப்போவதற்கு இன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். இன்று என்ன பஸ், என்ன ரயில், என்ன குழாய் இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

கிளாம்பாக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி அந்தப் பேருந்து முனையம் திறந்ததில் எங்களுக்குக் கொண்டாட்டம். அதற்கு முன்பு திருக்கோவிலூருக்குப் போக வேண்டுமென்றால், ஊரைத் தாண்டிக் கோயம்பேடு வரை போய் ஏற வேண்டும், இல்லையென்றால் பெருங்களத்தூரில் சாலையோரம் மூட்டை முடிச்சோடு நின்று, நிற்காமல் போகும் பஸ்ஸுக்கெல்லாம் கை காட்ட வேண்டும். இப்போது அத்தையை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு போய் உட்கார இடம் பார்த்து ஏற்றிவிடுகிறேன். பெரம்பூரில் இருக்கும் என் தம்பிக்கு அதே முனையம்தான் தொல்லை. ஊருக்குப் போக அவனுக்கு முழு நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. அதை அவன் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, அவன் சொல்வது நியாயம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் மட்டும் நாங்களும் அவனும் ஒன்று. தெற்கே போகிற மொத்தக் கூட்டமும் ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடி வரை நிற்கும். அன்று எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கி வருவதே பெரிய காரியம்.

மகளைப் பற்றிக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன், ஏனென்றால் அவள் கணக்குதான் மாறிக்கொண்டே வந்தது. வரும்போது அவள் ஆறாம் வகுப்பு. பள்ளித் தோழிகள், பாட்டு வகுப்பு, நடந்து போகும் தூரத்தில் நூலகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள். இங்கே பாட்டு சொல்லிக்கொடுக்க யாரும் கிடைக்கவில்லை. தாம்பரத்துக்குக் கூட்டிப்போக எனக்கு நேரம் இல்லை. பாட்டு நின்றுவிட்டது. அது அவளுக்கு நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாத இழப்பு. ஆனால் சைக்கிள் ஓட்டியது இங்கேதான். மழைக்கு அப்புறம் ஏரிக்கரையில் கூழைக்கடாக்கள் வந்து இறங்குவதைப் பார்க்க பாட்டியும் பேத்தியும் கிளம்பிவிடுவார்கள். மார்கழியில் ஜன்னலைத் திறந்தால் மாம்பலத்தில் இல்லாத குளிர் உள்ளே வரும், போர்வைக்குள்ளிருந்தே படிப்பாள். இப்போது தாம்பரத்தில் கல்லூரி, ரயிலில் நாலைந்து ஸ்டேஷன்கூட இல்லை. அவளுடைய வகுப்பில் திருவொற்றியூரிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அம்மா, நம்ம வீடு எவ்ளோ கிட்ட இருக்குன்னு எல்லாரும் பொறாமைப்படறாங்க" என்கிறாள். போன மாதம் இன்னொன்றும் சொன்னாள், வேலைக்குப் போனால் ஊருக்குள்ளே ஹாஸ்டலில் தங்கிக்கொள்வாளாம், உன்னை மாதிரி ரயிலில் காய் நறுக்க என்னால் முடியாது என்று. நான் காய் நறுக்குவதில்லை, அது என் தோழி. ஆனால் அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

அந்த வாரம்தான் நான் வீட்டில் பேச்சை எடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்ததில் உங்களுக்கு நேரம் கூடியிருக்கிறது, எனக்குக் குறைந்திருக்கிறது, கூடியவர் குறைந்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ சொல்றது சரிதான்" என்றார். இப்போது ராத்திரிச் சமையல் அவருடையது. சப்பாத்தி சுமாராக வருகிறது, ரசம் நன்றாக வைக்கிறார். ஆபீஸிலும் கேட்டு, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருக்கிறேன். இதை எல்லாம் குடி வந்த வருடமே பேசியிருக்கலாம். வீடு மாறுவதைப் பேசும்போது நம்மில் யாரும் இதைப் பேசுவதில்லை.

விற்றுவிட்டு ஊருக்குள் போகலாமா என்று கேட்டால், மாட்டேன். இந்தப் பணத்துக்கு மாம்பலத்தில் ஒரு படுக்கையறை பிளாட்கூட வராது என்பது ஒரு காரணம். அத்தையை மறுபடி மாடியில் கொண்டுபோய் அடைக்க எனக்கு மனம் இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவது, இங்கே நம் குரலுக்கு மதிப்பு இருக்கிறது. பஞ்சாயத்தாக இருப்பதில் எத்தனையோ குறை உண்டு, ஆனால் கிராம சபை உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அப்புறம் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மாம்பலத்தில் இருந்தவரை யாரிடம் போய் எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியாது. இங்கே பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து நின்று, மைக்கில் கேட்கிறோம். அந்த இருட்டு நீட்டத்துக்குத் தெருவிளக்கு வேண்டும் என்று எங்கள் நகர்ப் பெண்கள் சேர்ந்து மனுக் கொடுத்தோம். தீர்மானத்தில் ஏறியது. ஒரே தடவையில் வரவில்லை, ஆனால் வந்தது. இப்போது அந்த வழியில் எட்டு கம்பங்களில் விளக்கு எரிகிறது.

வரும் கூட்டத்தில் மினி பஸ்ஸைக் கேட்கப்போகிறோம். கடைசி நடை ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷனிலிருந்து கிளம்ப வேண்டும், அந்த நேரத்துச் செங்கல்பட்டு வண்டி வந்த பிறகு கிளம்ப வேண்டும், இரண்டு கோரிக்கைதான். கையெழுத்து வாங்கும் தாளை லேடீஸ் பெட்டியிலும் கொண்டுபோகிறேன். ஆதனூர் பக்கம், மண்ணிவாக்கம் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர்க் கூட்டத்திலும் இதையே கேளுங்கள். பஸ் ஒன்றுதான், அது ஓட வேண்டிய சாலையும் ஒன்றுதான்.